உறை ஊசி

தலையில் அடிபட்டுப் படுத்த பிறகு சென்னியப்பன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை “மிரு”. அதற்கு அவர் மனைவி வசந்தாமணி சொன்ன பதில் பொய்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கண் திறந்தும் பேச்சு மூச்சில்லாமல் வாரக்கணக்கில் கிடந்த மனுசன். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்து ஸ்பூனில் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கோணி, எச்சில் வழிய, “மி...ரு?” என்றார். பேச்சு வந்துவிட்டதே என்ற சந்தோஷம் ஒரு பக்கம், கேட்டது யாரை என்ற திகில் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வாய் தானாகத் திறந்து, “ஹாஸ்டலுக்குப் போயிட்டாளுங்க. நல்லா இருக்கறா,” என்று சொல்லிவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மிருதுளா ஹாஸ்டலுக்குப் போகவில்லை. போகத்தான் கிளம்பினாள். திருச்சியில் என்ஜினியரிங் காலேஜ். இருகூர் வீட்டிலிருந்து சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் பையைக் கட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனாள். ஒண்டிப்புதூர் பாலத்து இறக்கத்தில் மழைத்தண்ணீர். வண்டி வழுக்கியது. அப்பனைக் கோவையின் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தூக்கி வந்தார்கள். மகளை எங்கேயும் தூக்கி வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அங்கேயே முடிந்துவிட்டது.

நம் ஆட்களைத் தெரியாதா. படுத்திருக்கிறவனிடம் சாவுச் செய்தி சொல்லவே மாட்டோம். “உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்,” இதுதான் நம் வாயில் முதலில் வரும். பெற்ற தாய்க்குக் காரியமெல்லாம் முடிந்த பிறகு மகனுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துச் சொன்ன வீடுகள் எத்தனையோ. யாரும் அதைப் பொய் என்று எண்ணுவதில்லை, அக்கறை என்றுதான் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது அக்கறைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த வார்டில் அது ஆகாது என்று டாக்டர் ஹசீனா முதல் நாளே தலைபாடாக அடித்துக்கொண்டார்.

அன்றைக்கு டாக்டர் முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று வசந்தாமணி. இன்னொன்று சென்னியப்பனின் அக்கா கலாமணி. தம்பி என்றால் உயிரை விடுகிற ஆள். எதையும் அவள்தான் முன்னால் நின்று செய்வாள், அவள்தான் முன்னால் பேசவும் செய்வாள்.

“மூளைக்கு மேல மடிப்பு மடிப்பா ஒரு பட்டை இருக்கும்மா. புறணின்னு பேரு,” என்று ஆரம்பித்தார் டாக்டர்.

“புறணின்னா ஊர்க்கதை பேசறதுதானுங்களே?” என்றாள் கலாமணி.

டாக்டர் சிரித்துவிட்டார். அந்த அறையில் அன்றைக்கு யாரும் சிரித்தது அது ஒன்றுதான். “இது வேற புறணிம்மா. பேசறது, கையை அசைக்கறது, ஆளை அடையாளம் கண்டுக்கறது எல்லாம் அங்கதான். அடிபட்டதும் அங்க இருக்கற மரபணுக்கள் வேற மாதிரி வேலை செய்ய ஆரம்பிக்கும். குழந்தைப் பருவத்தில வேலை செஞ்சுட்டு அப்புறம் தூங்கிப் போனது சிலது திரும்ப முழிச்சுக்கும். மூளை தன்னைத்தானே புதுசா வளர்த்துக்கப் பார்க்கும்.”

“அப்ப நல்லதுதானுங்களே.”

“நல்லதுதான். ஆனா கூடவே ஒரு நொதியும் ஏறும். வளர்றதைச் சீக்கிரம் கெட்டிப்படுத்தி விட்டுரும். பாதி வளர்ந்ததும் பாதியோட நின்னுரும். அதனாலதான் அடிபட்டவங்க எத்தனை பயிற்சி கொடுத்தாலும் ஒரு இடத்துக்கு மேல தேற மாட்டேங்கறாங்க. இப்ப நாங்க போடற ஊசி அந்த நொதியை அடக்கி வைக்கும். ஒரு மண்டலம்னு வச்சுக்குங்க, அது வரைக்கும் இவர் மூளை கைக்குழந்தை மூளை. சொல்லிக்கொடுத்தா பிடிச்சுக்கும், வளரும். அப்புறம் ரெண்டாவது ஊசி. நொதியை ஏத்தி விட்டுருவோம். வளர்ந்தது அப்படியே நிலைச்சு நிக்கும்.”

“பால்ல உறை ஊத்தற மாதிரிங்களா?” என்றாள் வசந்தாமணி.

“அதேதாம்மா. தோய்ஞ்சா தயிர். அப்புறம் அதைத் திரும்பப் பாலாக்க முடியாது. அதனால இந்த நாள்ல அவர்கிட்ட நிஜத்தை மட்டும் பேசுங்க. திரும்பத் திரும்பச் சொல்றது, பாசத்தோட சொல்றது, ரெண்டும் ஆழமா இறங்கும். நல்லதுக்குன்னுகூடப் பொய் சொல்லாதீங்க. பொண்ணைப் பத்திக் கேட்டார்னா என்னைக் கூப்பிடுங்க. சேர்ந்தே சொல்லுவோம்.”

இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். தலையை ஆட்டுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

இரண்டாவது ஊசிக்கு வார்டு முழுக்க ‘உறை ஊசி’ என்றே பேராகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த இளநீரும் அந்த “மிரு”வும். வசந்தாமணி டாக்டரைக் கூப்பிடவில்லை. கலாமணியைக் கூப்பிட்டாள். கலாமணி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நல்ல வேலை செஞ்ச அம்மிணி. இப்பத்தான் பேச்சே வந்திருக்குது. சித்த தேறட்டும், சொல்லிக்கலாம்,” என்றாள்.

பொய்யை ஒரு தடவை சொல்லி விட்டுவிட முடியாது. சோறு தண்ணி வைத்து வளர்க்க வேண்டும். மறுநாள் சென்னியப்பன், “சா...ப்பாடு?” என்றார். மகளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கிறதா என்று அர்த்தம். “சாம்பார் தண்ணியாட்ட இருக்குதாமா. தயிர் ஊத்திச் சாப்புட்டுக்கறாளாமா,” என்றாள். அதற்கு மறுநாள் அறைத்தோழி வந்தாள், புதுக்கோட்டைக்காரி, பேர் ஜெனிபர். அப்புறம் ஹாஸ்டலுக்குள் ஒரு எலி வந்தது. மிருதுளா அதற்குப் பயந்து கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு படித்தாள். குடையைத் தொலைத்தாள். போனை வார்டன் வாங்கி வைத்துக்கொண்டாள், அதனால் அப்பாவைக் கூப்பிட முடியவில்லை. கணக்கு வாத்தியார் ஒருவரோடு சண்டை போட்டாள். சென்னியப்பன் கோணல் வாயோடு சிரித்தார். சிரிக்கச் சிரிக்க வாய் நேரானது. வலது கை விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. இருகூரில் அவருக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. எரிந்துபோன பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் என்கிற கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றுகிற வேலை. பட்டறையிலிருந்து ஒரு கட்டைச் சட்டமும் செம்புக் கம்பியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெட்டில் உட்கார்ந்தபடியே சுற்ற ஆரம்பித்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது அவளுக்குச் செய்கிற நியாயமாகாது. அந்தப் பொய்யை அவள் அவருக்காக மட்டும் சொல்லவில்லை. மகள் போன அன்றைக்கு வசந்தாமணி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மின்மயானத்துக்குப் போனது கலாமணி. எல்லாம் அவள்தான் செய்தாள். பெற்றவள் ஒரு மூச்சு வாய்விட்டு அழவில்லை. அழுதால் முகம் வீங்கும், முகம் வீங்கினால் அவர் கண்டுபிடிப்பார். ஆனால் தினமும் அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் மிரு எங்கோ ஒரு ஊரில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், முடி நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்துக்காகவே வசந்தாமணி காலையில் எழுந்தாள். பஸ்ஸில் வரும்போதே அன்றைக்கு மிரு என்ன செய்தாள் என்று யோசித்துக்கொண்டு வருவாள். சில நாள் தனக்குத்தானே சிரித்தும் கொள்வாள்.

மண்டலம் முடியப் போகிற நேரத்தில் டாக்டர் ஹசீனா சோதித்துப் பார்க்க வந்தார். சென்னியப்பன் காயில் சுற்றுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, “கை நல்லா வந்துருச்சே,” என்றார்.

“என்ற பொண்ணு வந்து பாத்தா நம்பவே மாட்டாளுங்க,” என்றார் சென்னியப்பன், திக்காமல், தெளிவாக. “பரீட்சைங்க அவளுக்கு. முடிச்சுப்போட்டு வாரேன்னு சொல்லியிருக்கறா. அங்க ஒரே எலித் தொல்லை.”

டாக்டர் வசந்தாமணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வராந்தாவுக்கு வந்ததும் டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “எத்தனை நாளா?” என்று மட்டும் கேட்டார்.

“பேச்சு வந்த முதல் நாள்ல இருந்துங்க. தேறட்டும்னு பாத்தோம்.”

“அவர் தேறுனதே அந்தப் பொய்யைச் சுத்தித்தாம்மா. பேச்சு, சிரிப்பு, கை, எல்லாத்துக்கும் உள்ள அந்தப் பொண்ணு ஓடிட்டிருக்கா.” டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். “இப்படியே உறை ஊசி போட்டா பொண்ணு திருச்சியில இருக்காங்கறது அவருக்குச் சாகற வரைக்கும் உண்மை. யார் சொன்னாலும், எதைக் காட்டுனாலும் ஏறாது. சொல்றப்பக் கேட்டுக்குவார். தூங்கி எழுந்தா மூளை பழையபடி அந்தக் கதைக்கே வந்துரும்.”

“இப்பச் சொன்னா?”

“இன்னும் சில நாள் இருக்கு. தினம் காலைல அதே வார்த்தையில, அமைதியா, கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லணும். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவையாத்தான் இருக்கும். இறங்கலாம். ஆனா அந்த அதிர்ச்சியில புதுசா வளர்ந்தது கருகிப் போகவும் வாய்ப்பிருக்கு. பேச்சு போகலாம். கை போகலாம். நான் எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. முடிவு உங்களோடது.”

கேன்டீனில் வைத்துக் கலாமணியிடம் சொன்னபோது அவள் டீயைத் தள்ளி வைத்துவிட்டாள். “பைத்தியமா உனக்கு? வண்டி ஓட்டுனவன் அவன். நானே என்ற பொண்ணைக் கொன்னுபோட்டேன்னு உசுரை விட்டுருவான். அப்புறம் உனக்கு யாரு இருக்கறா? போனவ போயிட்டா. இருக்கறவனையாச்சும் காப்பாத்து.”

“இப்ப எனக்கு யாருங்க அண்ணி இருக்கறாங்க?” என்றாள் வசந்தாமணி. “அவளைப் பெத்தது நாங்க ரெண்டு பேரு. அழறதுன்னா அவரோடதான அழோணும்? அவருக்கு ஊசி போட்டுட்டா நான் ஆயுசுக்கும் சிரிச்சுக்கிட்டே இருக்கோணும். வீட்டுல அவ போட்டோவுக்கு ஒரு மாலை போட முடியாது. ஒரு விளக்கு ஏத்த முடியாது. அவ செத்ததே எனக்கு இல்லாமப் போயிரும்.”

கலாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள்தான்.

மறுநாள் காலையில் வசந்தாமணி சொன்னாள். டாக்டர் பக்கத்தில் நின்றார். “மிரு இல்லீங்க. அன்னிக்கே பாலத்துலயே போயிட்டா. உங்க மேல தப்பில்லீங்க. மழைதான்.” இதே வார்த்தைதான், முன்னாடியே சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். சென்னியப்பன் அவளையே பார்த்தார். காயில் கட்டை கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. அப்புறம் அவரிடமிருந்து வந்த சத்தத்தை அழுகை என்று சொல்ல முடியாது. வலிப்பு வந்துவிட்டது. நர்ஸ்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் வரைக்கும் வலது கை துணியாகக் கிடந்தது.

மறுநாள் காலையில், “மிரு பரீட்சை எப்படி எழுதுனாளாமா?” என்று கேட்டார். பேச்சு குழறியது. திரும்பவும் சொன்னாள். திரும்பவும் அதே சத்தம், அதே வலிப்பு. பெற்றவளே ஒரு மனுசனிடம் போய் மகள் செத்ததைத் தினம் ஒரு முறை புதிதாகச் சொல்வதென்றால், அதைத் தாங்கும்படி எந்த நெஞ்சையும் யாரும் செய்து வைக்கவில்லை. கலாமணி அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, “நிறுத்து சாமி, நிறுத்திப்போடு,” என்று முனகிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வசந்தாமணி உள்ளே போய்க் கையைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் கட்டில் விளிம்பில் தலையை வைத்துக் கொட்டிவிட்டது. “மிரு, மிரு,” என்று மட்டும் சொன்னாள்.

சென்னியப்பன் இந்தத் தடவை கதறவில்லை. அவள் தலையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் துவண்டு போன வலது கையை மெல்ல இழுத்து வந்து அவள் தலைமேல் வைத்தார்.

“அழாத புள்ள,” என்றார். “சரியாப் போயிரும்.”

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தில் துக்கம் இல்லை. என்னவோ ஒரு இரக்கம். அது என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. அவள் இரக்கத்தைப் பார்த்தாளா, கை அசைந்ததைப் பார்த்தாள். அந்தக் கையைத் திரும்பவும் துணியாக்கிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லீங்க. மிரு நல்லா இருக்கறா,” என்றாள். டாக்டரிடம் போய் ஊசியைப் போட்டுவிடச் சொன்னாள்.

போட்டார்கள். சில நாள் கழித்து டாக்டர் ஹசீனா, “உங்க பொண்ணு எங்க இருக்காங்க?” என்று கேட்டார்.

“திருச்சியிலங்க,” என்றார் சென்னியப்பன். தோய்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தார்கள். கை முக்கால்வாசி வந்துவிட்டது. பட்டறையைத் திறந்தார். ஆட்கள் வந்தார்கள், சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வந்தது. எல்லோரிடமும் கலாமணி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். ஊரே சேர்ந்து அந்த வீட்டில் மிருவைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தது. வசந்தாமணி தலையில் பூ வைத்துக்கொண்டாள். தீபாவளிக்கு மகளுக்கு என்று ஒரு சுடிதார் எடுத்தாள், அவர் நிறம் பார்த்துச் சொன்னார். போட்டோ கலாமணி வீட்டு பீரோவுக்குள் இருந்தது.

ஹாஸ்டல் பிள்ளை தீபாவளிக்கு வராமல் இருக்குமா? என்ன சொல்லலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அவரே ஒரு நாள், “மிரு இந்தத் தடவை வர வேண்டாம். அங்கியே இருந்து படிக்கட்டும்,” என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம் வந்த லீவுக்கெல்லாம் அதையே சொன்னார், அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பாளா, கேட்டு யார் மாட்டிக்கொள்வது.

அடிபட்ட பிறகு அவர் குணமே மாறிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்காத மனுசன், இப்போது அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். தனியாக ரோட்டைத் தாண்ட விடவில்லை. எதிர் வீட்டு சுலோச்சனாகூட இவளைப் பார்த்தால் குழந்தையிடம் பேசுகிற மாதிரி, “எல்லாம் தெளிஞ்சிருங்கக்கா,” என்றாள். வசந்தாமணி அதைத் தன் துக்கத்துக்குச் சொல்கிற ஆறுதலாக எடுத்துக்கொண்டாள்.

ஒரு முறை அவரைச் செக்கப்புக்குக் கூட்டிப் போனபோது, அவர் வெளியில் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் டாக்டர் அறைக்குள் திரும்பவும் நுழைந்தாள்.

“எனக்கும் அந்த ஊசியைப் போடுவீங்களா டாக்டர்?”

“எதுக்கும்மா?”

“அவரு என்கிட்டச் சொல்லட்டும். தினமும் சொல்லட்டும், மிரு சாப்பிட்டா, தூங்குனான்னு. அப்புறம் உறை ஊசியும் போட்டுருங்க. எனக்கும் அவ திருச்சியிலயே இருக்கட்டும். நான் மட்டும் எதுக்குங்க தனியாத் தெரிஞ்சு வச்சுக்கிட்டிருக்கோணும்?”

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அது அடிபட்ட மூளைக்குத்தாம்மா வேலை செய்யும். அடிபட்டாத்தான் அந்த மரபணுவெல்லாம் முழிக்கும்.”

“எனக்கு அடிபடலீங்களா?” என்று கேட்டாள் வசந்தாமணி.

வருசம் திரும்பியது. மகள் போன திதி வந்தது. வசந்தாமணி ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தாள். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கலாமணி வீட்டுக்குப் போய், போட்டோவை எடுத்து வைத்து, இலை போட்டுக் கும்பிட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவது. ஒரு வருசத்துக்கு ஒரு மணி நேரமாவது அவளுக்கு மகள் செத்திருக்க வேண்டும்.

காலையில் குளித்துவிட்டு முன் அறைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரில் மிருதுளாவின் போட்டோ. மேலே முல்லை மாலை. கீழே மனைப்பலகையில் விளக்கு. வாழை இலையில் தயிர்ச்சோறும், உருளைக்கிழங்கு வறுவலும், மிருவுக்குப் பிடித்த மாங்காய்த் தொக்கும். கலாமணி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். சென்னியப்பன் வேட்டி கட்டிக்கொண்டு, வலது கையால் சூடத்தட்டைப் பிடித்தபடி நின்றார்.

“நேத்துப் பொழுதோட வூட்டுக்கு வந்தான் அம்மிணி,” என்றாள் கலாமணி. “போட்டோவைக் குடு அக்கான்னான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவனே பீரோவைத் திறந்து எடுத்துக்கிட்டான்.”

“கும்புடு புள்ள,” என்றார் சென்னியப்பன்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மூன்று நாளில் எப்படியோ இறங்கியிருக்கிறது. டாக்டர் சொன்னது பொய், நொதி பொய், உறை பொய். வசந்தாமணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்த்துக்கொண்டார். ஒரு வருசத்து அழுகையை அவள் அவர் சட்டையில் அழுதாள். “மிரு போயிட்டாளுங்க,” என்றாள். “ஆமா கண்ணு,” என்றார். “நம்மளை வுட்டுட்டுப் போயிட்டாளுங்க.” “ஆமா, ஆமா.” அந்த ஒரு ‘ஆமா’வுக்காகத்தான் அவள் இத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அழுது ஓய்ந்ததும் கலாமணி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். சென்னியப்பன், “காக்காய்க்கு வெச்சுட்டு வாரேன்,” என்று ஒரு உருண்டைச் சோற்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். கொஞ்ச நேரம் ஆகியும் வரவில்லை. பாயசம் ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வசந்தாமணி சமையலறைக் கதவு வரைக்கும் போனாள்.

அவர் முருங்கை மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கையில் போன். மகளின் நம்பருக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிக்கொண்டிருந்தார்.

“கண்ணு, அப்பா பேசறேன். அம்மாவுக்கு இன்னும் தெளியல சாமி. எனக்கு அடிபட்டதப் பாத்துப் பயந்துபோயி, நீ செத்துப்போயிட்டன்னு அவ மனசுல உழுந்துருச்சு. ஆஸ்பத்திரியிலயே என்ற கையப் புடிச்சுக்கிட்டு அப்படித்தான் அழுதா. இல்லீன்னு சொன்னா இன்னும் மோசமாயிருமோன்னு பயமா இருக்குது, அதான் ஊர்ல எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன், அவ சொல்றதுக்கு ஆமான்னு சொல்லிருங்கன்னு. வண்டி வுழுந்த நாள்தான் அவளுக்கு உன்ற திதி, அதான் இன்னிக்கு உன்ற போட்டோவுக்கு மாலை போட்டேன் கண்ணு. அப்பனைக் கோவிச்சுக்காத. போடறப்பக் கை வரவே இல்ல. அவளுக்காகத்தான் போட்டேன். இப்பத்தான் நல்லா அழுதா, பாவம். நீ இப்ப லீவுக்குக் கீவுக்கு வந்துறாத. உன்னையத் திடீர்னு பாத்தா அவ தாங்கமாட்டா. உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். நீ நேரத்துக்குச் சாப்புடு.”

போனை மடியில் செருகிக்கொண்டு, கன்னத்தைத் துண்டால் துடைத்தார்.

வசந்தாமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்குள் அன்றைக்கு எது இறங்கியது என்று இப்போது விளங்கியது. செய்தி இறங்கவில்லை. அவள் அழுகைதான் இறங்கியது. மகள் உயிரோடு இருக்க, பொண்டாட்டி இப்படி அழுகிறாள் என்றால் அதற்கு அவர் மூளை ஒரே ஒரு காரணத்தைத்தான் கட்டிக்கொள்ள முடியும். அதைக் கட்டிக்கொண்டு ஒரு வருசமாக அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அப்புறம் அந்த மாலை ஞாபகம் வந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு மாலை போடுவதென்றால் நம் வீடுகளில் சும்மாவா. விளையாட்டுக்குச் செய்தாலே கையில் அடி விழும். தன் மகள் திருச்சியில் சோறு தின்றுகொண்டிருக்கிறாள் என்று முழுசாக நம்புகிற ஒரு அப்பன், அவள் படத்துக்கு மாலை போட்டு விளக்கும் ஏற்றி வைத்திருக்கிறான். பொண்டாட்டி அழ வேண்டும் என்பதற்காக.

அவள் சத்தம் காட்டாமல் முன் அறைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். கலாமணி ஏதோ கேட்க வாயெடுத்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

சென்னியப்பன் உள்ளே வந்தார். “காக்கா எடுத்துருச்சு,” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். “இப்பத் தேவலையா?”

“தேவலைங்க.”

“இன்னும் அழோணும்னா அழு. நான் இங்கியேதான் இருக்கறேன்.”

அவள் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு மகளின் படத்தைப் பார்த்து அழுதாள். அவர் தேறிய கையால் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தபடி, படத்தைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கில் எண்ணெய் குறைவதைப் பார்த்துக் கலாமணி எழுந்து போய் ஊற்றினாள்.